தலையில் அடிபட்ட பிள்ளைக்கு பெங்களூரு அல்சூரில் கிடைத்த நல்ல பிசியோதெரபி

பள்ளி பாஸ்கெட்பால் ஆட்டத்தில் மோதி விழுந்ததில் என் மகளுக்குப் பின்மண்டையில் அடி. மயக்கம் வரவில்லை. ஒரு பெரிய மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, நாளைக்கே பள்ளிக்கு அனுப்புங்கள்" என்றார்கள். ஆனால் வாரக்கணக்கில் தலைவலி விடவில்லை. கரும்பலகையிலிருந்து நோட்டுக்குக் கண்ணைத் திருப்பினாலே தலை சுற்றியது. படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்று ஓர் ஆசிரியை சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேறொரு நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான், அல்சூர் மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கும் இந்தக் கிளினிக்குக்கு வந்தோம். பிசியோதெரபிஸ்ட் திருப்பத்தூர்க்காரர். முதலில் உட்காரவைத்துப் பேசினார். "ஸ்கேனில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் தெரியும், அம்மா. கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சியில் நரம்பணுக்களின் வேலைதான் குலைகிறது; அது படத்தில் தெரியாது. மயக்கம் போட்டால்தான் கன்கஷன் என்றும் இல்லை" என்றார். பிறகு என் மகளிடம், "நீ நடிக்கவில்லை, கண்ணு" என்றார். அவள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள்.

அவள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, சட்டென்று படுக்கவைத்துக் கண்களைக் கவனித்தார். அடிபட்டதில் உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருந்தால் கண்கள் துடிக்குமாம். இவளுக்கு அது இல்லை. அடுத்து ஓர் அட்டையில் பெரிதாக 'ழ' எழுதிக் கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒட்டினார். பார்வை எழுத்தைவிட்டு நகராமல் தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்ப வேண்டும். எழுத்து மங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலைசுற்றல் அடங்காவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வீட்டிலும் அதே பயிற்சிதான்.

இருட்டறையில் படுக்கவைக்கச் சொன்ன என் மாமியாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்: முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும், பிறகு மெல்ல நடக்க வேண்டும். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரையும் இதுதான் என்று அச்சிட்ட தாளையே கொடுத்தார். முதலில் அரைநாள் பள்ளி, பிறகு முழுநாள், கடைசியில்தான் ஆட்டம் என்று பள்ளிக்குக் கடிதமும் எழுதினார். மூளை ஆறுமுன் மறுபடி அடிபட்டால் ஆபத்து என்பதை அதில் அழுத்திச் சொல்லியிருந்தார். இப்போது அவள் முழுநாளும் பள்ளியில் இருக்கிறாள்.

குறைகளும் உண்டு. வெளிச்சமும் சத்தமும் தாங்காதவர்கள் வரும் இடத்தில், காத்திருக்கும் அறையில் டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது, டி.வி. அலறுகிறது. நான் சொன்னதும் சத்தத்தைக் குறைத்தார்கள், விளக்கு மாறவில்லை. லிஃப்ட் இல்லை. ஒரு முறைக்கு 800 ரூபாய். ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். மாலையில் கூட்டம் நெரிகிறது, காலையில் போங்கள்.

அடிபட்டவுடனே நேராக இங்கே வராதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போகும்படி இவர்களே தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கிறார்கள்.