காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கிற ரூம்: சென்னையில் தங்கிப் பார்த்த 14 வருஷம்

மன்னை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் போய் நிற்கும்போது சரியாக விடிந்திருக்காது. கையில் பை, கண்ணில் பாதித் தூக்கம். பல் விளக்கணும், குளிக்கணும், பத்து மணிக்கு எங்கேயோ போய் நிற்கணும். மன்னார்குடியோ தஞ்சாவூரோ கும்பகோணமோ, நம்ம பக்கத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் ராத்திரி ஏறி விடிகாலையில் இறங்குகிறவர்கள்தான். போனில் ரூம் போடப் பார்த்தால் ‘செக்-இன் பகல் 12 மணி’ என்று இருக்கும். நடுவில் இருக்கிற ஆறு மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? சென்னையில் எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். வாடகை, ஏசி, டிவி எல்லாம் அப்புறம்.

எனக்கு மன்னார்குடியில் கல்யாணப் பத்திரிகைக் கடை. கார்டு எடுக்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு வருஷத்துக்கு மூணு தடவையாவது போவேன். நடுவில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், தங்கச்சிக்குக் கவுன்சலிங், அக்கா மகளுக்கு வேலை. 2011-லிருந்து எப்படியும் ஐம்பது தடவை போயிருப்பேன். மேன்ஷன், லாட்ஜ், ஆப்பில் போட்ட ஓட்டல், சொந்தக்காரர் வீடு என்று எல்லாவற்றிலும் படுத்து எழுந்தாகிவிட்டது.

முதல் பயணமே சொதப்பல். தங்கச்சிக்கு அண்ணா யுனிவர்சிட்டியில் கவுன்சலிங். அப்போதெல்லாம் நேரில்தான் போகணும். மன்னார்குடிக்கு ரயிலும் வந்திருக்கவில்லை, அதே வருஷம் கொஞ்சம் மாசம் கழித்துத்தான் வந்தது. பஸ்ஸில் கோயம்பேட்டில் இறங்கி, அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் நேராகத் திருவல்லிக்கேணி போனோம். பெரியப்பா மகன் அங்கே மேன்ஷனில் இருந்தான். “வாங்க, பாத்துக்கலாம்”னு சொல்லியிருந்தான். போய் நின்றால் வாசலிலேயே வாட்ச்மேன் கையை நீட்டி மறித்துவிட்டார். “லேடீஸ் அலவ்டு இல்ல தம்பி.” அண்ணன் தலையைச் சொறிந்தான். அவன் அங்கே நாலு வருஷமாக இருக்கிறான், அவனைத் தேடி ஒரு பெண் படியேறியதில்லை, அதனால் அவனுக்கே இது தோன்றவில்லை. அம்மா வாசல் படியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. கடைசியில் குரோம்பேட்டையில் அம்மாவின் சித்தி மகள் வீடு.

மேன்ஷனைக் குறை சொல்ல மாட்டேன். தனி ஆம்பளை, பரீட்சைக்குப் படிக்கவோ வேலை தேடவோ வந்தவன் என்றால் இன்றைக்கும் திருவல்லிக்கேணிதான் சரி. மெஸ் உண்டு, கடற்கரை நடக்கிற தூரம், பறக்கும் ரயில் பக்கத்திலேயே. நானும் பிறகு தனியாகப் போனபோது இரண்டு மூன்று தடவை அங்கே தங்கினேன். தண்ணீர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போர் தண்ணி, சோப்பு நுரைக்காது, தலை காய்ந்தால் வைக்கோல் மாதிரி நிற்கும். ஆற்றுத் தண்ணியிலும் அடிபம்பிலும் குளித்து வளர்ந்த உடம்பு, முகம் சுளிக்கத்தான் செய்யும். இதில் வேடிக்கை என்னவென்றால் 2004-லிருந்து சென்னைக்கு வீராணம் ஏரித் தண்ணி போகிறது. வீராணத்துக்குத் தண்ணி, காவிரியின் கிளையான கொள்ளிடத்து அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. ஆகக் காவிரி நமக்கு முன்னாலேயே சென்னைக்குப் போய்விட்டது. நான் தங்கிய மேன்ஷன் குழாய்க்குத்தான் வந்து சேரவில்லை.

சொந்தக்காரர் வீட்டைப் பற்றியும் சொல்லணும், நம்மூரில் முதலில் தோன்றுவது அதுதான். “லாட்ஜ்ல தங்குனியா? நாங்க செத்தா போயிட்டோம்?” என்று கேட்பார்கள். மனசாரத்தான் கேட்பார்கள். ஆனால் அது இரண்டு ரூம் வீடு. காலை ஆறரைக்கு மாமா குளிக்கணும், ஏழுக்குப் பிள்ளைகள், ஏழே காலுக்கு அக்கா. அந்த வரிசையில் நீங்கள் எங்கே நுழைவீர்கள்? 2019 ஜூனில் சென்னையே தண்ணிக்குத் தவித்தபோது நான் அந்தக் குரோம்பேட்டை வீட்டில்தான் இருந்தேன். லாரி வருகிற சத்தம் கேட்டதும் சித்தி ஏழு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதில் இரண்டு குடத்தை நான் குளிக்க வைத்தது. ஊரிலிருந்து நான் கொண்டுபோன வாழைத்தாரும் அரிசியும் அந்த இரண்டு குடத்துக்கு ஈடாகுமா? அதற்கப்புறம் நான் அங்கே ராத்திரி தங்குவதில்லை. சாயங்காலம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். உறவும் கெடவில்லை.

இனி எழும்பூர். ஸ்டேஷனுக்கு எதிரே காந்தி இர்வின் ரோட்டைத் தாண்டினால் கென்னட் லேன். தெரு முழுக்க லாட்ஜ். அங்கேதான் எனக்கு முப்பது ராத்திரிக்கு மேல் கழிந்திருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்று, பழைய லாட்ஜ்களின் 24 மணி நேரக் கணக்கு. காலை 5.50-க்கு நுழைந்தால் மேனேஜர் நீளமான நோட்டில் 5.50 என்று எழுதுவார், மறுநாள் காலை 5.50 வரை ரூம் உங்களுடையது. குளித்து, ஒரு மணி நேரம் கண்ணசந்து, எட்டரைக்கு இட்லி தின்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். நேரம் பார்க்காமல் ஆயிரத்து நானூறு ரூபாய் ஓட்டலையும் தொள்ளாயிரம் ரூபாய் லாட்ஜையும் ஒப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆறு மணி நேரத்தின் விலை தெரியாது. ஸ்டார் ஓட்டலே ஆனாலும் பகல் பன்னிரண்டு வரை ரிசப்ஷன் சோபாவில் பையைக் கட்டிப்பிடித்து உட்கார வைத்தால் அது எனக்கு ஓட்டல் இல்லை, பஸ் ஸ்டாண்டு.

இப்போது அங்கேயும் சில லாட்ஜ்கள் 12 டு 12-க்கு மாறிவிட்டன. போன் பண்ணும்போதே “24 ஹவர்ஸா, 12 டு 12-ஆ?” என்று கேட்டுவிட வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் அடுத்த வாசலுக்குப் போங்கள். உள்ளே போனதும் நான் குழாயைத் திறந்து பத்து எண்ணுவேன். மெத்தையின் ஓரத் தையலை விரலால் பிரித்துப் பார்ப்பேன், மூட்டைப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும். ஜன்னலைத் திறப்பேன். ஜன்னல் என்று ஒன்று இருந்து, திறந்தால் பக்கத்துச் சுவர் ஒரு முழத்தில் நிற்கிற ரூம்கள் அந்தத் தெருவில் ஏராளம். ‘சுடுதண்ணி 6 முதல் 9 வரை’ என்று போர்டு இருந்தால் அது 7 முதல் 8 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் “அந்த லாட்ஜ் ஃபுல்லு சார், வேற நல்ல எடம் காட்றேன்” என்பார். ஃபுல் இல்லை. நடந்தே போங்கள், ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

எழும்பூரின் இன்னொரு வசதி, அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் பிரியலாம். எனக்குச் சென்னையின் மின்சார ரயில் தடத்தைப் பார்த்தால் நம்மூர் வாய்க்கால்தான் ஞாபகம் வரும். பீச்சிலிருந்து தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை ஒரே கோடு, ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மதகு. உங்கள் வேலை எந்த மதகில் இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் படுக்கணும். ஆண்டர்சன் தெருவுக்குப் போக எழும்பூரில் ஏறிப் பூங்கா, கோட்டை தாண்டிப் பீச்சில் இறங்கினால் போதும், டிக்கெட் ஐந்து ரூபாய். 2018-ல் எழும்பூருக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. கார்டு பண்டலைச் சுமந்து திரும்புகிற நாளில் மட்டும் அதில் ஏறுவேன், லிஃப்ட் இருக்கிறதே.

அம்மாவின் கண்ணுக்குப் போனது நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு. எழும்பூரிலிருந்து ஆட்டோவில் சின்னத் தூரம்தான். ஆனால் அந்தத் தடவை நான் ஒரு தப்புப் பண்ணினேன். வழக்கமான லாட்ஜ்தானே என்று மூன்றாம் மாடி ரூமை எடுத்துவிட்டேன். லிஃப்ட் உண்டு, கம்பிக் கதவு வைத்த பழைய காலத்து லிஃப்ட். அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். முட்டிவலி இருக்கிற அம்மா ஐம்பத்திரண்டு படியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறியது, எண்ணிக்கை அது சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேலே போனால் பாத்ரூமில் இந்தியன் டாய்லெட். அன்று ராத்திரியே கீழ்த்தளத்துக்கு மாறினோம், இருநூறு ரூபாய் அதிகம். வயசானவர்களோடு போகிறவர்கள் வாடகை கேட்பதற்கு முன்னால் “கீழ்ரூம் இருக்கா, வெஸ்டர்னா?” என்று கேளுங்கள்.

ஆப்பில் புக் பண்ணினது 2017-ல், வடபழனிப் பக்கம். படத்தில் வெள்ளை விரிப்பு, மேஜை விளக்கு. ராத்திரி பதினோரு மணிக்குப் போய் நின்றால் “சார், இந்த புக்கிங் எங்களுக்கு வரவே இல்லை” என்றார்கள். பணம் கட்டிய மெசேஜைக் காட்டினேன். “அது கம்பெனிகிட்ட கேளுங்க.” கம்பெனி போனை எடுத்தால் பாட்டு. கடைசியில் அதே ஓட்டலில் அதே ரூமுக்குத் தனியாகப் பணம் கொடுத்துத் தங்கினேன், பழைய பணம் திரும்பி வரப் பதினெட்டு நாள். இப்போதும் ஆப்பில் பார்ப்பேன், விலை தெரிந்துகொள்ள. பார்த்துவிட்டு ஓட்டல் நம்பருக்கு நானே போன் போட்டுப் பேசிவிடுவேன்.

தி.நகர் ஜவுளி எடுக்கப் போகிறவர்களுக்கு மட்டும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பாருங்கள், தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் அந்தப் பக்கமே வேண்டாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் கதை 2023 டிசம்பர் கடைசியிலிருந்து மாறிவிட்டது. நம்ம பஸ்ஸெல்லாம் இப்போது வண்டலூர்ப் பக்கம் கிளாம்பாக்கத்தோடு சரி. முன்பு கோயம்பேட்டில் இறங்கினவர்களுக்கு அரும்பாக்கம், வடபழனி எல்லாம் தலைமடை. இப்போது அதெல்லாம் கடைமடை, இறங்கின பிறகு இன்னொரு பயணம் போகணும். வேலை கிண்டிக்குத் தெற்கே என்றால் பேசாமல் தாம்பரத்திலேயே ரூம் எடுங்கள். எழும்பூர், பாரிமுனைப் பக்கம் வேலை என்றால் ரயிலுக்கே டிக்கெட் போடுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு 120. அதற்குத் தகுந்த மாதிரி காலண்டரில் குறித்து வையுங்கள்.

இன்னொன்று. கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு! கேளம்பாக்கம் இருப்பது ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் ரோட்டில். அக்கா மகள் வேலையில் சேரப் போனபோது எங்கள் அத்தான் கெட்டிக்காரத்தனமாக “பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே போட்டுட்டேன் மாப்ள” என்று போனைக் காட்டினார். படித்துப் பார்த்தால் கேளம்பாக்கம். நடுவில் வண்டலூர் ரோட்டில் பதினெட்டு கிலோமீட்டர் போல இருக்கும். நல்ல வேளை, அக்கா மகளின் ஆபீஸ் ஓ.எம்.ஆரில்தான் இருந்தது. தப்பாகப் போட்ட ரூம் ஆபீஸுக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் அமைந்துவிட்டது. அத்தான் இன்றைக்கும் அதைத் திட்டமிட்டுச் செய்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பில் விஷயம். ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கிற ரூமுக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலையில் 12 சதவீதம் போட்டார்கள், 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 5 சதவீதம். இன்னும் பன்னிரண்டு என்று சொல்லி வாங்கப் பார்த்தால் பில்லைக் கேளுங்கள், உடனே குறையும். எனக்குத் தாம்பரத்தில், கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு என்கிற ஜி.எஸ்.டி. ரோட்டில், குறைந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே ஜி.எஸ்.டி.க்குச் சண்டை போட்டவன் என்று கடையில் பையன்கள் கிண்டல் பண்ணுகிறார்கள்.

24 மணி நேரக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு, சொல்லாமல் விட்டால் தப்பு. மறுநாள் காலை 5.50-க்கு ரூமைக் காலி பண்ணணும், ஊருக்கு ரயில் ராத்திரிதான். இன்னொரு நாள் வாடகை கொடுப்பதா? நான் கொடுப்பதில்லை. ஸ்டேஷனிலேயே ரயில்வே ஓய்வறை இருக்கிறது, கன்ஃபர்ம் ஆனதோ ஆர்.ஏ.சி.யோ ஒரு பி.என்.ஆர். இருந்தால் ஆன்லைனில் போடலாம், ஆனால் கேட்கிற நாளில் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் பையைக் கிளோக் ரூமில் போட்டுவிட்டுச் சுற்ற வேண்டியதுதான். பூட்டு போடாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அந்த ஜன்னலில் போய் நின்ற பிறகுதான் எனக்கு ஞாபகம் வரும், வெளியே ஓடி ஒரு பூட்டு வாங்கி வருவேன். வீட்டு அலமாரியில் இப்போது அப்படி நாலு பூட்டு கிடக்கிறது. சாவி ஒன்றுக்குத்தான் இருக்கிறது.