பினாங்குக் கடற்கரையில் நாலரை வருடம்: ஹட்டன்காரன் ஒருவனின் அனுபவம்

அக்கா மகனுக்கு மலேசியாவில், பினாங்குத் தீவில் வேலை கிடைத்திருக்கிறது. போன ஞாயிறு கொட்டகலையிலிருந்து வந்தவன், பிளேன்டீ ஆறுவதற்குள் போனை நீட்டி, "மாமா, இந்த வீடு எப்படி? பால்கனியில நின்னா நேரா கடல்" என்றான். 2018 ஒக்டோபரில் நானும் இப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் முன்பணம் கட்டினேன். 2023 மார்ச் வரைக்கும் மனைவி, மகளோடு அங்கே இருந்தேன். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சுற்றுலா போகிறவர்களுக்கு இது உதவாது, சாமான் கட்டிக்கொண்டு குடிபோகிறவர்களுக்குத்தான்.

முதலில் நான் செய்த தப்பு. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் பிறந்து, கம்பளிக்குள் வளர்ந்த ஆள் நான். கடல் என்றால் வருடத்தில் ஒரு தடவை வேன் பிடித்துப் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம். அந்தக் கண்ணோடுதான் ஊரைத் தேடினேன். எனக்கு வேலையோ பாயான் லெப்பாஸில். எலக்ட்ரொனிக்ஸ் தொழிற்சாலைகள் 1970களிலிருந்தே அங்கேதான் குவிந்திருக்கின்றன. அது தீவின் தென்கிழக்கு மூலை. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் என்று பேர்போன கடற்கரை ஊர்கள் எல்லாம் வடக்கில் இருக்கின்றன. நடுவில் மலை நிற்கிறது, அதனால் ஜோர்ஜ் டவுன் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஹட்டனுக்கு அந்தப் பக்கம் தலவாக்கலையில் வீட்டை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் கினிகத்தேனையில் வேலை செய்கிற கதைதான். 102ஆம் இலக்க பஸ் விமான நிலையத்துக்கும் தெலுக் பஹாங்குக்கும் இடையே ஓடுகிறது. ஓடுகிறதுதான், ஆனால் மாலையில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு வந்தால் கடலைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? நான் வீட்டுக்கு வரும்போது அது இருட்டாகிவிடும்.

மூன்று ஊரில் தஞ்சோங் பூங்காவை எடுத்தது மட்டும் சரியான முடிவு. மலிவான சாப்பாட்டுக் கடைகள், மருந்துக்கடை, சந்தை எல்லாம் நடந்துபோகிற தூரத்தில். பத்து பெரிங்கி இரவுக்கடைகளும் ஹோட்டல்களும் உள்ள இடம், குடியிருக்க அலுத்துவிடும். தெலுக் பஹாங் மீன்பிடிக் கிராமம். அமைதியான இடம், ஆனால் பஸ் தவறினால் தவறியதுதான்.

சரி, கடலைப் பற்றிச் சொல்கிறேன். மலாக்கா நீரிணை, அதனால் தண்ணீர் படத்தில் இருக்கிற நீலம் இல்லை. கலங்கல், மழைக்காலத்தில் பால்தேநீர் நிறம். ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. நாலரை வருடத்தில் நான் கடலில் இறங்கிக் குளித்தது நான்கு தடவை. மகள் நீச்சல் பழகியது குடியிருப்பின் கீழே இருந்த குளத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மலேசியாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கில்தான் இறந்தார்கள் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் மனைவி எங்கேயோ வாசித்துவிட்டாள். அதனால் பதினோராம் மாடி. நல்லதுதான், காற்று வந்தது.

ஆனால் அந்தக் காற்றில் உப்பும் வந்தது. மனைவி ஹட்டனிலிருந்து தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டாவது மாதம் ஊசியில் பொட்டுப் பொட்டாகச் செம்மண் நிறம். ஆறாவது மாதம் துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தில் துரு ஏறி, அவள் தைத்த வெள்ளைச் சீருடையில் ஒரு பழுப்புக் கோடு விழுந்தது. அதன்பிறகு வேலை முடிந்ததும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, பொலித்தீன் போட்டு மூடி, கடல் பார்க்காத பக்கத்து அறைக்குள் வைப்பாள். கதவுக் கீல், ஜன்னல் திருகு, ஏசி மெஷினின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நம்மூர் ஈரத்தில் சப்பாத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் காய வைத்தால் போய்விடும். உப்பு அப்படிப் போகாது. வீட்டை விடும்போது கீல் துருவுக்கென்று வீட்டுக்காரர் முன்பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குச் சொந்தக்காரன் நானா என்று கேட்டேன், சிரித்தார், பணம் வரவில்லை.

வாடகை முறையையும் சொல்லிவிடுகிறேன். பொதுவாக இரண்டு மாத வாடகை முன்பணம், கரண்டு தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை. ஆக மூன்றரை மாதப் பணம் கையில் இருக்க வேண்டும்.

வெக்கையைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள், ஆனால் பகல் வெக்கையைத்தான் சொன்னார்கள். பகல் 32 பாகை, சமாளிக்கலாம். இரவிலும் 24, 25க்குக் கீழே அதிகம் இறங்காது, அதுதான் ஆளைத் தின்றது. ஹட்டனில் ஏழு மணிக்கே ஜன்னலைச் சாத்துகிற பழக்கம் எங்களுக்கு. அங்கே திறந்தால் வேர்வை, சாத்தினால் கரண்டு பில். கொண்டுபோன ஸ்வெட்டரை அலுவலக ஏசிக்குள் போட்டுக்கொண்டேன். பெருமூச்சு விடத் தோன்றும்போது பினாங்கு மலைக்கு ரயில் ஏறுவோம். 833 மீட்டர், ஹட்டனைவிடத் தாழ்வு. உச்சியில் மூடுபனி வந்தால் எல்லோரும் கைதட்டிப் படம் எடுப்பார்கள். மனைவி முதல் தடவை சொன்னாள்: "இதுக்கா டிக்கெட்டு? நம்ம லயத்து வாசல்ல சும்மாதானே கிடக்கு."

ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் ஜனவரி, பெப்ரவரியில் போகிறார்கள். வானம் கழுவிவிட்டமாதிரி இருக்கும், தைப்பூசத்துக்கு ஊரே தண்ணீர்மலையில் நிற்கும், யாருக்கும் ஆசை வரும். நான் சொல்வது, செப்டெம்பரிலிருந்து நவம்பருக்குள் இரண்டு வாரம் தங்கிப் பாருங்கள். கனமழை அப்போதுதான். 2017 நவம்பர் 4, 5இல் வந்த வெள்ளத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். 2019 செப்டெம்பரில் சுமாத்திராவில் காடு எரிந்து, அந்தப் புகை கடல் தாண்டி வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். எங்கள் பால்கனிக் கடலைப் பல நாளாகக் காணோம்.

மனிதர்களில் எனக்குக் குறையே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். காலையில் கண்டதும் "பசியாறியாச்சா?" என்பார். ரிங்கிட்டை வெள்ளி என்பார். நான் சிலோன் என்றதும் யாழ்ப்பாணமா என்று கேட்டார். அங்கே சிலோன்காரர் என்றால் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகத்துக்கும் போன யாழ்ப்பாணத்தவர்தான். இல்லை பாட்டி, தேயிலைத் தோட்டம் என்று விளக்கி, எங்கப்பா காலையில் பெரட்டுக்குப் போவார் என்றேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற கூட்டம். அவர் முகம் மாறிவிட்டது. "பெரட்டா? எங்களுக்கும் பெரட்டுதான்யா. உங்களுக்குத் தேயிலை, எங்களுக்குப் பால்மரம். கங்காணி மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒரே ஆளு." அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரசம் குறைந்ததில்லை. தேநீர் மட்டும்தான் ஒத்துவரவில்லை. டின்பால் ஊற்றி இழுத்துத் தருவதை நான் தேநீரில் சேர்ப்பதில்லை. பிளேன்டீ வேண்டுமென்றால் "தே ஓ" என்று கேளுங்கள், சீனி வேண்டாமென்றால் "கோசோங்" சேர்த்துச் சொல்லுங்கள். மாசிக் கருவாடு கிடைக்காது, கட்டச் சம்பல் இடிக்க ஊரிலிருந்து கொண்டுபோக வேண்டும்.

காகித விஷயம். வேலை அனுமதி நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் கடலும் போகும். துணைக்கும் பிள்ளைக்கும் சார்ந்தோர் அனுமதி கிடைத்தது, ஆனால் அதை வைத்து மனைவி வேலைக்குப் போக முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். வருடத்தில் 182 நாள் அங்கே தங்கிய கணக்கு வரும்வரை சம்பளத்தில் நேராக 28% வரி பிடித்தார்கள், 2020இலிருந்து அது 30%. அடுத்த வருடம் கணக்குக் கொடுத்து மிச்சத்தைத் திரும்ப வாங்கினேன். முதல் ஆறு மாதம் கையில் குறைவாகத்தான் வரும் என்று வையுங்கள். ஓய்வுக்காலத்துக்குப் போகிறவர்கள் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டத்தைப் பார்ப்பார்கள். அதன் விதிகளை 2021இலும் 2024இலும் மாற்றினார்கள், 2024இல் சில்வர் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டொலர் வைப்பு கேட்டார்கள். பழைய வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.

படத்திலோ ஒப்பந்தத்திலோ தெரியாதது ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 18இல் நாட்டை மூடினார்கள். கடற்கரையிலும் நாடா கட்டினார்கள். 2021இல் ஊரில் அம்மா வாசல்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியுமா என்பதற்கு யாரும் பதில் தரவில்லை. எல்லை திறந்தது 2022 ஏப்ரல் 1. சாதாரண நாளிலேயே பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து கொழும்புக்கு மூன்றரை மணி நேரம் சொச்சம், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து மலைக்கு வேனில் ஐந்து மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள். கிட்டத்தில் இருக்கிற நாடுதானே என்ற எண்ணம் அந்த வருடம் போய்விட்டது. 2022இல் டொலர் 200இலிருந்து 360 பக்கம் ஏறியபோது நான் அனுப்பிய வெள்ளி இங்கே அதிக ரூபாவானது உண்மை. காஸ் வரிசையில் அந்த ரூபாவை வைத்துக்கொண்டு தம்பி இரவெல்லாம் நின்றான் என்பதும் உண்மை.

மகளுக்குப் பள்ளிக்கூட வயது வந்தது. சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்த அன்றே மனைவி பெட்டிகளை இறக்கிவிட்டாள். மெஷினும் திரும்பி வந்தது, பாதத்தை மட்டும் மாற்றினோம்.

அக்கா மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: பாயான் லெப்பாஸுக்கு அரை மணிக்குள் வீடு பார், மலைப்பக்க ஜன்னலாக எடு, கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போ. தலையைத் தலையை ஆட்டினான். நேற்று இரவு முன்பணம் கட்டிய ரசீதை அனுப்பியிருக்கிறான். பத்து பெரிங்கி, பதினான்காம் மாடி, முழுக் கடல்.