மெட்டு ஏறும் ஸ்விஃப்ட்டுக்கு எந்த அலாய்? பிரேக் இடைவெளியை வைத்து ஓர் அலசல்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேட்டில் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு வாரத்தில் நாலு நாள் போய்வருகிறேன். வண்டி பழைய ஸ்விஃப்ட், கம்பெனியிலிருந்து வந்த 14 இஞ்ச் இரும்பு ரிம். அதை மாற்றி அலாய் (அலுமினியக் கலவை வீல்) போடலாம் என்று முடிவெடுத்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மச்சான் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய ஹூண்டாய் ஐ20 அலாய் 15 இஞ்ச், கடையில் புது 15 இஞ்ச், புது 16 இஞ்ச். மூன்றையும் மாட்டிப் பார்த்தே முடிவு செய்தேன்.

ஐ20 அலாயில் கணக்கெல்லாம் அழகாகப் பொருந்தும். இரண்டு வண்டிக்கும் நாலு நட், நட்டுகள் உட்காரும் வட்டத்தின் விட்டம் (பி.சி.டி.) 100 மில்லிமீட்டர், நடு ஓட்டை 54.1 மில்லி. நட்டின் மரை இடைவெளி மட்டும் வேறு: ஸ்விஃப்ட்டுக்கு 1.25 மில்லி, ஐ20க்கு 1.5. ஐ20 நட்டை ஸ்விஃப்ட் போல்ட்டில் பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும். இதைத் தெரிந்துகொண்டுதான் மச்சானும் தன் ஸ்விஃப்ட்டில் அந்த அலாயைப் போட்டார். எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் முன் பிரேக் பேட் மாற்றினார். மறுநாள் மெட்டு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் கரகரவென்று இரும்பு உரசும் சத்தம். டயரைக் கழற்றிப் பார்த்தால், ஸ்போக்கின் உள்பக்கத்தில் வட்டமாக ஒரு வெள்ளிக் கோடு, பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கேலிப்பரின் வெளிமுகத்தில் பெயிண்ட் போய்ப் பளபளவென்று இருந்தது.

பலருக்கும் தெரியாத விஷயம் இதில்தான் இருக்கிறது. நம் சின்ன வண்டிகளில் இருப்பது நகரும் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கம் மட்டும் இருக்கும்; வெளிப்பக்கப் பேடை கேலிப்பரின் விரல் போன்ற பகுதி இழுத்துப் பிடிக்கும். வெளிப் பேட் தேயத் தேய அந்த விரல் உள்ளே நகரும், அதாவது ஸ்போக்கை விட்டு விலகும். புதுப் பேட் போட்டதும் பழைய இடத்துக்கே வெளியே வந்துவிடும். மச்சான் அலாய் மாட்டியபோது பேட் பாதி தேய்ந்திருந்தது. அன்று தெரிந்த 4 மில்லி இடைவெளி பேட் தேய்ந்ததால் கிடைத்தது. புதுப் பேடில் அது 1 மில்லியாகி, வளைவில் சக்கரம் லேசாக அசைந்ததும் தொட்டுவிட்டது. ஆகவே எந்த அலாயாக இருந்தாலும் புதுப் பேடோடுதான் அளக்க வேண்டும். குறைந்தது 3 மில்லி இடைவெளி இல்லாமல் நான் எடுக்க மாட்டேன்.

அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. சப்பாத்தி மாவு உருண்டை ஒன்று போதும். கேலிப்பரின் வெளிமுகத்தில் ஒன்று, அதன் முதுகில் ஒன்று ஒட்டி, வீலை மாட்டி நாலு நட்டும் இறுக்கி, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் மாவின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. மாவே வழிந்து போயிருந்தால் அந்த அலாயை மறந்துவிடலாம்.

மச்சானுக்கு ஒரு டயர் கடையில் சொன்ன தீர்வு, 5 மில்லி ஸ்பேசர், அதாவது வீல் உட்காரும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு. "மாப்ள, ஐந்து மில்லிதானே, என்ன ஆகப்போகிறது?" என்று என்னிடம் கேட்டார். நட்டை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஸ்பேசர் இல்லாமல் நட் 11 சுற்று ஏறியது. வைத்த பிறகு 7 சுற்றுதான். 1.25 மரையில் 5 மில்லி என்றால் சரியாக நாலு சுற்று போய்விடும். போல்ட் 12 மில்லி தடிமன் என்றால் மரையும் அதே 12 மில்லி அளவாவது பிடிக்க வேண்டும், அதாவது பத்துச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு சுற்றில் பிடித்திருக்கும் சக்கரத்தோடு மெட்டு இறங்க நான் விட மாட்டேன். இன்னொன்று, ஹப்பின் நடுவில் வீலைத் தாங்கும் வளையத்தை அந்தத் தட்டை ஸ்பேசர் விழுங்கிவிட்டது. வீல் நடுவில் உட்காராமல் நட்டிலேயே தொங்கியது. நீளமான போல்ட், சொந்த வளையத்தோடு வரும் ஸ்பேசர் என்று ஒழுங்காகச் செய்தால் தப்பில்லை. ஆனால் அந்தச் செலவுக்கு வேறு அலாயே வாங்கிவிடலாம்.

16 இஞ்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 195/55 ஆர்16 டயரின் மொத்த உயரம் 621 மில்லி, என் 165/80 ஆர்14 டயருக்கு 620. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஒரு இஞ்ச் கூடும்போது கேலிப்பரின் முதுகுக்கு மேலே 12.7 மில்லி கூடுதல் இடம் கிடைக்கும். ஆனால் ஸ்போக்குக்கும் கேலிப்பர் முகத்துக்கும் நடுவே ஒரு மில்லிகூட அதிகமாகாது. ரிம்மின் விட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய ரிம் போட்டால் பிரேக் இடிக்காது என்று நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டயர் சுவரும் 132 மில்லியிலிருந்து 107 ஆகக் குறைகிறது. மழைக்காலத்தில் மெட்டுக்கு அந்தப் பக்கம் குழியில் இறங்கி ஏறுகிற எனக்கு அந்த 25 மில்லி ரப்பர் பெரிய சொத்து. வேண்டாம் என்று விட்டேன்.

மிச்சம் இருந்தது புது 15 இஞ்ச். கடையில் ஒரே அளவில் இரண்டு டிசைன் எடுத்துப் போட்டார்கள். இரண்டும் 6 இஞ்ச் அகலம், இரண்டிலும் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 40 என்றே பொறித்திருந்தது. ஒன்றில் ஸ்போக் தட்டையாக, உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. மாவு 2 மில்லிக்கு நசுங்கியது. மற்றதில் ஸ்போக் ஹப்பிலிருந்து வெளியே வளைந்து போயிருந்தது. மாவு 8 மில்லி நின்றது. எண்ணெல்லாம் ஒன்று, வளைவு மட்டும் வேறு. இதனால்தான் ஆஃப்செட்டை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். வீலைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள்.

ஆஃப்செட் இன்னும் குறைந்தால் இடைவெளி இன்னும் கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆனால் டயர் அந்த அளவுக்கு வெளியே தள்ளும், பேரிங் சுமை கூடும், மட்கார்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். எல்லை தாண்டியதும் கேரள மோட்டார் வாகனத் துறையினர் கண்ணில் படும் முதல் விஷயம் அதுதான். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானதும் கேரள வழக்கு ஒன்றில்தான்.

வெளியே வளைந்த ஸ்போக் உள்ள அலாயையே எடுத்தேன், 185/65 ஆர்15 டயரோடு. அதன் நடு ஓட்டை 73.1 மில்லி, என் ஹப் 54.1. நடுவில் வைக்கும் வளையத்தைப் பிளாஸ்டிக்கில் கொடுத்தார்கள். மெட்டு இறங்கி முடிக்கும்போது டிஸ்க் கொதிக்கும் கொதிப்புக்கு அது இளகிவிடும் என்று சொல்லி, அலுமினிய வளையம் கேட்டு வாங்கினேன். பேலன்ஸ் வெயிட்டை உள்பக்கம் ஒட்டிய பிறகு கேலிப்பர் முதுகில் இன்னொரு முறை மாவு வைத்துப் பார்த்தோம், தாராளமாக இருந்தது. 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்கினேன்.

பழைய 14 இஞ்ச் ரிம் ஒன்று ஸ்டெப்னியாக டிக்கியில் இருக்கிறது. புது டயரைவிட உயரத்தில் 2 மில்லிதான் குறைவு என்பதால் தாராளமாக ஓடும். பக்கத்திலேயே ஒரு துணிப்பையில் அதன் சொந்த நட் நாலும்.