கொழுப்புக் காட்டும் தராசு: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

"ஏறி நின்றால் நிறையோடு உடம்பின் கொழுப்பு வீதமும் காட்டும் தராசு விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டவருக்கு: நிறை பார்க்க வாங்கலாம், கொழுப்புப் பார்க்க வேண்டாம்.

போன கிழமை திரை மங்கியது. பின்மூடியைத் திறந்தால் மூன்று டிரிபிள் ஏ பற்றரியில் ஒன்று கசிந்து, சுருள்கம்பி முழுக்க வெள்ளைப் பூப்பு. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இதெல்லாம் புதிதில்லை. பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய அரத்தாளால் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது.

நிறையில் குறை சொல்ல முடியாது. நான்கு மூலைக் காலிலும் உணரி இருக்கிறது. நான்கும் ஒரே டைல்ஸில் நிற்க வேண்டும். ஒரு கால் இடுக்கில் இறங்கினால் கணக்குப் பிசகும். சரியாக வைத்தால் அடுத்தடுத்து மூன்று தரம் ஏறினாலும் 100 கிராமுக்குள்தான் வித்தியாசம்.

எரிச்சல் முழுக்க அந்தக் கொழுப்பு வீதத்தில். உலோகத் தகடு வழியாக ஒரு காலால் மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, மற்றக் காலால் எடுக்கிறது. தடை கூடினால் கொழுப்புக் கூட என்று எழுதும். மின்சாரம் போவது காலும் இடுப்பும் வழியாக; வயிற்றுப் பக்கம் அது பெரிதாக எட்டிப் பார்ப்பதில்லை. மிச்சமெல்லாம் நீங்கள் கொடுத்த உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துப் போடும் ஊகம். நம்பாவிட்டால் போனில் உள்ள அதன் ஆப்பில் வயதைப் பத்துக் குறைத்துவிட்டு உடனே ஏறிப் பாருங்கள். உடம்பு அதேதான், வீதம் வேறு. தண்ணீர் குடிக்காமல் ஏறினாலோ குதிக்கால் காய்ந்து வெடித்திருந்தாலோ கூடும். குளித்த ஈரக் காலோடு ஏறினால் குறையும். இந்த லட்சணத்தில் 31.4 என்று தசமம் வேறு, பக்கத்தில் சிவப்பில் "அதிகம்". அந்தச் சிவப்பைப் பார்த்துப் பதினைந்து வயதுப் பிள்ளை இராச்சாப்பாட்டைத் தள்ளி வைக்குமென்றால் சாமானைத் தூக்கி எறியலாம், பாவமில்லை.

நிறையையும் அப்படியே நம்பிப் பயப்பட வேண்டாம். சோற்றை நிறுத்திய முதல் கிழமையில் இறங்கும் ஒன்றரை, இரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேர்த்து வைக்கும் ஒவ்வொரு கிராம் மாச்சத்தோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். ஞாயிறு காலை இடியப்பமும் சொதியும் சம்பலும் உள்ளே போனால் அது திரும்பி வரும். இரவில் கொத்து ரொட்டி என்றால் உப்பு இன்னும் கொஞ்சத்தைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ கொழுப்பு ஏற, உடம்பு செலவழிப்பதற்கு மேல் சுமார் 7,700 கலோரி வேண்டும். ஒரு தட்டு இடியப்பத்தில் அவ்வளவுக்கு எங்கே போவது?

வைத்திருப்பவர்கள் சொக்ஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள். மின்சாரம் போகாது, நிறை மட்டும் வரும். ஆப்பை அழித்துவிடுங்கள். கிழமைக்கு ஒரு தரம், காலையில், சாப்பிட முன்னம் போதும். இதயத்துடிப்பைச் சீராக்கும் மின்கருவியான பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

எதிர்பாராத லாபம் காஸ் சிலிண்டர். வெற்று நிறை அதன் கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும். தராசின் கண்ணாடியில் நேரே வைத்தால் விரிசல் விழும், ஒரு பலகை போடுங்கள். பலகையையும் வெற்று நிறையையும் கழித்தால் மிச்சக் காஸ். 12.5 கிலோ சிலிண்டரை வந்த அன்றே நிறுத்தும் பார்க்கலாம். அதற்கு மட்டும் கொழுப்பு வீதம் காட்டுவதில்லை!

இவ்வளவு ஒழுங்கான தராசுதான். ஆனாலும் பாதி விலைக்குத் தந்தாலும் இரண்டாவது வேண்டாம். இது இப்போது குசினியில் நிற்கிறது.