கியர் ஆயில் மாற்ற வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஆப்களிடம் உஷார்: எனக்கு 4,850 ரூபாய் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,850 ரூபாய். ஒரு பழைய மாருதி ஜென்னுக்குக் கியர் ஆயில் மாற்றிய பில் இது. அந்தக் கியர்பாக்ஸ் இப்போது எங்கள் மெக்கானிக் ஷெட்டில் பிரித்துப்போட்டுக் கிடக்கிறது. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அவசியம் படியுங்கள்.

வண்டி 1998 மாடல், அப்பா வாங்கியது. குளிர்ந்த இன்ஜினில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது, அவ்வளவுதான். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன், ஷெட் பூட்டியிருந்தது. அதனால் வாசலுக்கே மெக்கானிக்கை அனுப்பும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது.

என்னை விழவைத்தது விளம்பரமோ ஐந்து நட்சத்திரமோ இல்லை. புக் செய்ததும் கூப்பிட்ட பையன் பேசிய பேச்சு. "ஜென்னா சார்? 75டபிள்யூ-90, ஜிஎல்-4தான் போடணும். ஜிஎல்-5 போட்டா சிங்க்ரோ ரிங் போயிடும் சார்." 75டபிள்யூ-90 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை, ஜிஎல் எண் அதில் கலக்கும் மருந்தின் வகை, சிங்க்ரோ ரிங் என்பது கியர் மாற உதவும் வளையம். கோயம்புத்தூரில் பாதி ஸ்பேர்ஸ் கடைக்காரர்களே "தொண்ணூறு ஆயில் ஒண்ணு" என்று எடுத்துக் கொடுக்கிற நிலையில், இப்படி ஒருவன் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? உடனே முழுப் பணத்தையும் அனுப்பினேன். ஃபுல் சிந்தடிக் ஆயில் இரண்டரை லிட்டர் 3,250, கூலி 1,100, பழைய ஆயிலை அப்புறப்படுத்த 500. ஆக 4,850.

வந்த ஆள் சீருடை, கையுறை, தரைக்குப் பாய் என்று ஜோராகத்தான் வந்தார். பாட்டிலைத் தூக்கி, "சீலைப் பாருங்க சார்" என்று காட்டினார். உள்ளங்கை லேபிளின் மேல் இருந்தது. காரை ஜாக்கியில் ஏற்றினார், ட்ரெயின் நட்டைக் கழற்றினார், கறுப்பாக ஆயில் இறங்கியது. நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தது. அது பயப்பட வேண்டியதில்லை, தேய்மானத் தூள். துண்டு துண்டாக இரும்புச் சில்லு இருந்தால்தான் பயம். என் கியர்பாக்ஸில் அன்று சில்லு ஒன்றுகூட இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் அவர் ஆயில் ஊற்றுகிற நட்டுக்குப் போனார். அது அசையவில்லை. ஸ்பேனர் நழுவியது, மறுபடி நழுவியது, நட்டின் மூலையெல்லாம் மழுங்கி உருண்டையாகிவிட்டது. எந்த மெக்கானிக்கும் முதல் நாளே கற்றுக்கொள்வது இது: ஊற்றுகிற நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கிற நட்டில் கை வைக்க வேண்டும். இவர் கியர்பாக்ஸைக் காலி செய்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நின்றார். தள்ளிப் போய் போனில் ஏதோ கிசுகிசுத்தார். திரும்பி வந்து பானெட்டைத் திறந்து, ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஊற்றினார். "அளவு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "எங்க மெஷின் அளந்துதான் ஊத்தும் சார்." மெஷின் என்றது ஒரு கைப் பம்ப்.

காலி பாட்டிலைக் கேட்டேன். கம்பெனிக்குத் திருப்பணும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே அவிநாசி ரோட்டில் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்ஜியத்தில் படுத்திருந்தது. கேபிளைச் சரியாக மாட்டவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் 'கர்ரக்' என்று சத்தம், முன்பு முரண்டு மட்டும்தான், சத்தம் கிடையாது. அந்த வாரக் கடைசியில் பல்லடம் தாண்டி ஐந்தாவது கியரில் போகும்போது ஊளை ஆரம்பித்தது.

போன் செய்தேன். "டிக்கெட் ரைஸ் பண்ணியிருக்கோம் சார், 48 மணி நேரத்துல கால் வரும்." வரவில்லை. மறுபடி போன் செய்தால் வேறொரு குரல், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு நாள் பார்த்தால் டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியிருக்கிறது. யாருக்குத் தீர்ந்தது? என் 4,850 ரூபாய்தான் தீர்ந்தது.

வேலை முடிந்ததும் அவர்களே ஆப்பில் ஏற்றிய போட்டோ ஒன்று இருந்தது. பெரிதுபடுத்திப் பார்த்தேன். பாட்டிலில் தெளிவாக ஜிஎல்-5, 80டபிள்யூ-90. அதை அனுப்பிக் கேட்டபோது சூப்பர்வைசர் சொன்ன பதில்: "நாலை விட அஞ்சு ஹையர் கிரேடு தானே சார், உங்களுக்கு லாபம்தான்."

லாபமாம்! இது பள்ளிக்கூட வகுப்பா, நாலு பாஸானால் அஞ்சு? ஜிஎல்-5 ஆயிலில் அதிக அழுத்தம் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து ஜிஎல்-4ஐ விட ஏறக்குறைய இரண்டு பங்கு இருக்கும். அம்பாசிடர், ஜீப் மாதிரி வண்டிகளில் பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றுகிற கிரவுன் பினியன் கியருக்கு அது வேண்டும், அங்கே பல்லும் பல்லும் வழுக்கித் தேய்க்கும். ஜென் மாதிரி முன் சக்கரம் இழுக்கும் வண்டியில், இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே, சாதாரணச் சாய்பல் கியரோடு இருக்கிறது, ஜிஎல்-4 தாராளம். சிங்க்ரோ ரிங் பித்தளை. ரிங், கியரிலுள்ள கூம்பு முகத்தைப் பிடித்து வேகத்தைச் சமன் செய்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். வழுக்கல் அதிகமான ஆயிலில் அந்தப் பிடி கிடைக்காது. போதாக்குறைக்கு அந்த மருந்து பித்தளையையும் அரிக்கலாம். 80-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசம் நம் ஊர் வெயிலில் பெரிதில்லை, அதை விடுங்கள். இதையெல்லாம் முதலில் எனக்குச் சொன்னதே அவர்கள் ஆள்தானே!

அதற்கும் பதில் இருந்தது. "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்." கூடவே அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் கூப்பன்.

மெக்கானிக் அண்ணன் ஷெட்டைத் திறந்ததும் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தபடி பையனை விட்டு வடிக்கச் சொன்னார். ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்தார்கள், கழுத்துவரைகூட வரவில்லை. "ஏனுங் தம்பி, ரெண்டு லிட்டருக்கு மேல புடிக்கிற பெட்டியில பாதி ஆயில்கூட இல்லீங்களே" என்றார். பில்லில் இரண்டரை லிட்டர். கசிவு எங்கும் இல்லை, அடிப்பக்கம் காய்ந்து கிடக்கிறது. ஐந்தாவது கியர் பெட்டியின் கோடியில் தனி மூடிக்குள் இருக்கிறது. ஆயில் மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அதுதான். பல் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். காந்தத்தில் இந்தத் தடவை சில்லு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்; நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 4,850-க்கு இவ்வளவு அலைச்சலா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், 4,850-க்குத்தான்.

எப்படி ஆயில் தேர்ந்தெடுப்பது என்று விவரமாக எழுதத்தான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற கிரேடு மட்டும். பாட்டிலை உங்கள் கையில் வாங்கி லேபிளைப் படியுங்கள், இரண்டு ஜிஎல் எண்ணும் சேர்த்துப் போட்டிருந்தால் வேண்டாம். நீங்களே கடையில் வாங்கிக் கொடுப்பது உத்தமம். ஊற்றுகிற நட்டு முதலில் கழல வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க, அந்த ஓட்டையில் ஆயில் வழிகிறவரை ஊற்ற வேண்டும். வாஷர் புதுசு. காலி பாட்டில் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். முன்பணம் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

இங்கே உக்கடத்துப் பழைய ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரித்துவிட்டேன், கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் யாருக்காவது பழைய ஜென்னின் ஐந்தாவது கியர் செட் கண்ணில் பட்டால் சொல்லுங்கள். ஜோடியாக வேண்டும், ஒற்றைக் கியர் வேண்டாம்.