கல்மணிக்கு ஓட்டை போடக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அப்பா கையால் தேய்த்து மெருகேற்றிய 42 கல்மணிகளைத் துளை போடக் கொடுத்தேன். திரும்பி வந்தவை 39. அதிலும் கோத்துப் போடுகிற நிலையில் இருந்தவை 16தான். கடைப் பெயரைப் போடவில்லை, போட்டால் அது வேறு பஞ்சாயத்து. ஆனால் அந்த ஆள் என்னென்ன செய்தார், நான் எங்கெங்கே முட்டாளாக இருந்தேன் என்பதை எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். உழுத காட்டில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) பளிச்சென்று தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் மூன்ஸ்டோனும் (சந்திரகாந்தக்கல்). அப்பா வருடக்கணக்காகப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு சின்னச் சக்கரம் வாங்கி, கார்போரண்டம் என்கிற தேய்ப்புப் பொடியில் கொரகொரப்பான நம்பரில் தொடங்கி 1200 வரை தேய்த்து, கடைசியில் தோல் மேல் சீரியம் ஆக்சைடு போட்டு மெருகேற்றுவார். ஒரு மணிக்கு இரண்டு நாள்கூட ஆகும். 30 வெங்கச்சாங்கல், 12 மூன்ஸ்டோன் சேர்ந்தது. துளையை மட்டும் அவர் தொடவில்லை, கை லேசாக நடுங்குகிறது.

ஈரோட்டில் ஒருவரைச் சொன்னார்கள். "ஏனுங்க அக்கா, கிரானைட்டுக்கே ஓட்டை போடறமுங்க, இதென்ன பெரிய வேலை" என்றார். மணிக்கு 20 ரூபாய், 500 முன்பணம், ஒரு வாரத்தில் தருவதாகப் பேச்சு. மேஜை மேல் ஒரு ட்ரில் மெஷின், சுற்றி வெள்ளையாகத் தூசி, அவர் புருவத்தில்கூடத் தூசி. தண்ணீர் வைத்த கிண்ணமோ சொட்டுக்குழாயோ எதுவும் கண்ணில் படவில்லை. கேட்டதற்கு, தண்ணி பட்டா மெஷின் கெட்டுப் போகுமுங்க என்றார். அந்த இடத்திலேயே டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எண்ணியும் கொடுக்கவில்லை, ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

ஒரு வாரம் மூன்று வாரம் ஆனது. கைக்கு வந்தபோது பார்க்க நன்றாகவே இருந்தன, சொல்லப்போனால் கொடுத்ததைவிடப் பளபளப்பு. அக்காவுக்கு ஒரு மாலை கோத்துக் கொடுத்தேன், நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில் அறுந்து விழுந்தது. நல்ல நைலான் நூல், அறுந்த இடம் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தது. பொறுக்கின வரைக்கும் கொண்டு வந்து சோப்புத் தண்ணீரில் வெந்நீர் கலந்து ஊறப்போட்டேன். பளபளப்பு கழன்று மேலே மிதந்தது, மெழுகு! 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் துளை வாயில் சுற்றிலும் சில்லு பெயர்ந்த பள்ளம், அதில் ஏதோ வைத்து அடைத்திருக்கிறார். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரில் ஒரு மணியைப் போட்டு வைத்தேன், அடைப்பு வெள்ளையாக இளகி வந்துவிட்டது. ஃபெவிக்விக் மாதிரிப் பசையும் கல்தூளும் குழைத்துப் பூசிய வேலை. 17 வெங்கச்சாங்கல்லில் இதே கதை.

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். வெங்கச்சாங்கல்லின் கடினம் மோஸ் அளவில் (வைரம் 10 என்று வைக்கிற கடின அளவு) 7, சாதாரண இரும்பு பிட் (ட்ரில் முனை) அதன்மேல் வழுக்கிக்கொண்டே சூடேற்றும், அவ்வளவுதான். வைரத்தூள் பூசின பிட் வேண்டும், அதுவும் தண்ணீரில் நனைந்தபடியே ஓட வேண்டும், அடிக்கடி தூக்கித் தூக்கி இறக்கி உள்ளே சேரும் கல்சேற்றை வெளியேற்ற வேண்டும். காய்ந்து ஓட்டினால் பூச்சு உதிரும், சூட்டில் கல் விரிசல் விடும். ஒரே பக்கத்திலிருந்து நேராகக் குத்தி இறக்கினால் பிட் மறுபக்கம் வெளியே வரும்போது கடைசித் துளி கல் தாங்காமல் கூம்பு மாதிரிப் பெயர்ந்து தெறிக்கும். அதனால் பாதி வரை போட்டு, கல்லைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வந்து நடுவில் சந்திக்க வைக்க வேண்டும். நம்மாள் இது எதையும் செய்யவில்லை. போதாததற்குத் துளை சாய்ந்து, சில மணிகளில் ஓரமாகப் போய் வெளிவந்திருக்கிறது. மூன்ஸ்டோன் இன்னும் மோசம், கடினமும் குறைவு, உள்ளுக்குள் ஏடு ஏடாகப் பிளக்கும் குணமும் உண்டு. வந்த ஒன்பதில் ஆறில் உள்விரிசல்.

இத்தனைக்கும் பழங்காலத்தில் கல்மணி செய்த ஊரான கொடுமணல் எங்களுக்குப் பக்கம்தான். 1985லிருந்து நடந்த அகழாய்வுகளில் அங்கே சூதுபவளம் என்கிற சிவப்புக் கல், பளிங்கு என்று துளை போட்டதும் போடாததுமாக எத்தனை மணிகள்! குஜராத்தில் கம்பாத்தில் அகேட் (குவார்ட்ஸ் வகைக் கல்) மணிக்கு வில்லால் சுழற்றும் துளைக்கருவியின் நுனியில் இரண்டு வைரச் சில்லு பதித்து, தண்ணீர் சொட்டவிட்டு, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று போடுவார்கள். கரண்ட் இல்லாமலே! அதே கம்பாத்தில் கல் தேய்க்கிறவர்கள் தூசியைச் சுவாசித்து சிலிகோசிஸ் என்கிற நுரையீரல் நோய் வந்து செத்துப்போவதும் பழைய கதை, அந்த ஈரோட்டு ஆள் புருவத்துத் தூசி எனக்கு இப்போது வேறு மாதிரி ஞாபகம் வருகிறது. கோபத்துக்கு நடுவில் மாஸ்க் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, "கல்லே அப்படித்தானுங்க அக்கா, உள்ள விரிசல் இருந்திருக்கும்" என்றார். பசை ஏன் என்றதற்குப் பதில் இல்லை. மூன்று மூன்ஸ்டோன் எங்கே என்றால், "நீங்க தப்பா எண்ணியிருப்பீங்க." எண்ணவில்லையே, என்ன சொல்ல. அப்பா வீட்டு நோட்டில் 42 என்று எழுதி வைத்திருந்தார், அதைக் காட்டினால் சிரிக்கிறார். பாக்கி 340 ரூபாயைக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, அதிலிருந்தே தெரியவில்லையா.

இனி யாரிடம் கொடுத்தாலும் முதலில் இரண்டே இரண்டு மணி, அதுவும் அழகில் குறைந்தது, கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொல்வேன். எண்ணி, எடை போட்டு, போட்டோ எடுத்து, துளை 1 மில்லிமீட்டர், இரண்டு பக்கத்திலிருந்து, வாய் ஓரத்தை மழுக்கி, பசை கூடாது என்று சீட்டில் எழுதி வாங்குவேன். கைக்கு வந்ததும் கோக்கும் முன்னே வெந்நீரில் ஒரு முக்கு, லென்ஸில் ஒரு பார்வை.

வாய் உடைந்த மணிகளை ஓரம் தேய்த்துக் குட்டையாக்கிக் காப்பாற்றலாம் என்கிறார் அப்பா, நாலைந்து தேறும். அவர் டப்பாவில் இன்னும் துளை போடாத மூன்ஸ்டோன் ஒன்பது இருக்கிறது. ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கம் தண்ணீர் ஓட்டித் துளை போடுகிறவர் யாரையாவது நேரில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கேள்விப்பட்டவர்கள் வேண்டாம், நானும் கேள்விப்பட்டுத்தான் போனேன்.