ஐந்தாவது ஃப்ரெட்டில் செத்துப்போகும் சி

பேஸ் கித்தாரின் ஜி தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டை (வீணையின் மெட்டு போலக் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்தி வாசித்தால் வருவது சி என்ற சுரம். என்னுடைய பேஸில் அந்த ஒரு சுரம் மட்டும் பிறந்த வேகத்தில் செத்துவிடும். பக்கத்துச் சுரங்கள் எட்டுப் பத்து நொடி சாவகாசமாக ஒலித்து அடங்கும். இது இரண்டு நொடியைத் தாண்டாது. அடிச்சுரம் சட்டென்று விலகிப் போய், ஒரு ஸ்தாயி மேலே மெல்லிசான இழை ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் மிச்சம் நிற்கும். மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் அது கேட்காது. எனக்குக் கேட்கும்.

இப்போது இதை எழுதக் காரணம் எங்கள் இசைக்குழு டிரம்மரின் தம்பி. "அண்ணே, அவருகிட்டயே ஒண்ணு ஆர்டர் போடலாம்னு பாக்கறேன். வெல கொறச்சிட்டாராம். உங்க பேஸ் எப்படி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். அவர் என்றால் இந்த பேஸை ஆர்டரின் பேரில் எனக்குச் செய்து கொடுத்தவர். அவன் கேட்ட அதே வாரம்தான் பேஸ் ஃப்ரெட் மாற்றி ரிப்பேர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. ரிப்பேர் பில் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது, அதனால் இந்த எழுத்தில் கொஞ்சம் சூடு இருக்கும். ஐந்து தந்தி, 34 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 24 ஃப்ரெட், கையாலேயே செய்தது என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும், இதைப் படிக்க வருபவர்களுக்கும் தெரியும். அதை நான் திரும்ப ஒப்பிக்கப் போவதில்லை.

முதலில் அழகைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குறையே இல்லை. முகப்பில் ஒட்டியிருப்பது அங்சானா மரத்தின் முண்டு. பினாங்கில் சாலையோரம் நிழல் தந்துகொண்டு, பூக்கும் நாளில் தார் ரோட்டையே மஞ்சளாக்கிவிடுமே, அதே மரம்தான். நம் வேங்கைக்குச் சொந்தக்கார மரம். அதன் அடியில் புடைத்து வளரும் முண்டை அறுத்தால் உள்ளே சுழி சுழியாகக் கண் கண்ணாக இருக்கும். வெளிநாட்டில் அம்போய்னா என்று பெயர் போட்டு யானை விலைக்கு விற்பது இதைத்தான். உடம்பு நியாத்தோ மரம், நெக் என்கிற நீளமான கழுத்து மேப்பிள் மரம். விரல் படும் பலகைக்கு ரோஸ்வுட் கேட்டேன், அவர் மறுத்துவிட்டார். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டஸ் பட்டியலில் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) ஏறியதிலிருந்து எல்லை தாண்டி விற்க ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டியிருந்தது, சின்னப் பட்டறைக்கு அது தலைவலி. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். என் ஆர்டர் அதற்கு முன்பே போய்விட்டதால் எனக்கு வாய்த்தது மெர்பாவ். 2019-இல் மலேசியாவின் தேசிய மரம் என்று அறிவித்தார்களே, அதுதான். கெட்டியான மரம். நன்றாகவே உழைக்கிறது.

மேடையில் இதைத் தோளில் மாட்டினால் விளக்கு வெளிச்சத்தில் முகப்பு தகதகவென்று எரியும். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பாடகியை விட்டுவிட்டு என் வயிற்றைப் படம் எடுப்பார்கள். மேடையில் தோற்றம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊர் அல்லிகேட்ஸ் இசைக்குழுவை நினைத்துப் பாருங்கள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்று இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் பினாங்கிலிருந்து கிளம்பி மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கட்டிப்போட்டார்கள். குரல்தான் காரணம், சரி. ஆனால் அந்த ஆஃப்ரோ முடியை மறந்தவர் யார்?

பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. செய்தவர் இதை என்னிடம் தருவதற்கு முன்னால் ஒரு மாலில் நடந்த சின்னக் கண்காட்சியில் மேசைமேல் நிறுத்தி வைத்தார். நானும் போயிருந்தேன். வந்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எடுத்து வாசித்த இரண்டு மூன்று பேரும் ஈ தந்தியில் கட்டைவிரலால் டமடமவென்று தட்டிவிட்டு 'பவர்' என்று சொல்லிக் கீழே வைத்தார்கள். சுற்றிலும் நாலு ஆம்ப் அலறும் இடத்தில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று யார் கேட்கப் போகிறார்கள்? கையால் செய்யும் கருவிகள் பெரும்பாலும் இப்படிக் கண்ணால்தான் விற்கின்றன. செய்பவரின் உழைப்பும் கண்ணுக்குத் தெரியும் பக்கமாகவே சாய்ந்துவிடுகிறது. முகப்பை மெருகேற்ற அவர் எத்தனை வாரம் செலவழித்தார் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்துக் கேட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, ஏன் சாகிறது? தந்தி நீண்ட நேரம் அதிர வேண்டுமானால் அதன் இரண்டு முனையும் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு முனை உடம்பில் தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ், அது கெட்டி. இன்னொரு முனை நாம் அழுத்தும் ஃப்ரெட், அது இருப்பது நீளமான நெக்கின் மேல். நெக்கும் ஒரு மரக்கட்டைதான், அதற்கும் சொந்தமாக ஆடும் வேகங்கள் உண்டு. என் பேஸில் அப்படி ஒரு வேகம் அந்தச் சி-யின் 130.8 ஹெர்ட்ஸில் போய் உட்கார்ந்திருக்கிறது. தந்தியிலிருந்து வரும் சக்தியை நெக் வாங்கித் தானே ஆடித் தீர்த்துவிடுகிறது. அதே சி-யை டி தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டில் வாசித்தால் கணீரென்று நிற்கிறது, ஏனென்றால் நெக் அந்த இடத்தில் அவ்வளவு ஆடுவதில்லை. அப்படியானால் அங்கேயே வாசித்துவிட்டுப் போயேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் சமாளிக்கிறேன். ஆனால் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் ஒரு இடத்தில் நிற்காது, பாடகரோடு சேர்ந்து மேலே ஏறிப் பாடும். ஏறும் வழியில் ஜி தந்தியில்தான் கால் வைத்தாக வேண்டும். அதிலும் நம் ஆட்கள் ஒரு கட்டையில் பாடினால் சட்ஜமே சி. நான்கு கட்டை என்றால் பஞ்சமம் சி. போய் நிற்க வேண்டிய சுரம் எதுவோ அதுதான் எனக்குக் காலை வாருகிறது. செத்தது ஒரு எஃப் ஷார்ப்பாக இருந்தால் இந்நேரம் மறந்தே போயிருப்பேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். இந்த நோய் அவர் கண்டுபிடித்ததல்ல. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த வடிவத்துக்கு இது கூடவே வருகிறது. நீளமான நெக், அதன் கடைசியில் கனமான முறுக்காணிகள். ஜி தந்தியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் எங்காவது ஒரு சோர்ந்த சுரம் இருக்கும் என்பது பேஸ் வாசிப்பவர்களுக்குப் பழகிய சங்கதி. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே வெட்டிவிட்டு கிராஃபைட்டில் பேஸ் செய்தார். அந்த மாதிரிக் கருவிகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மரத்தில் செய்தால் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன்.

நான் ஒத்துக்கொள்ளாதது அவர் சொன்ன பதிலை. குறையைச் சொன்னபோது, "மரம் உயிருள்ள பொருள் பிரதர், எல்லா பேஸ்லயும் இருக்கும் லா" என்றார். உயிருள்ள பொருளா? அறுத்து, சூளையில் காயவைத்து, இழைத்து, பாலிஷ் பூசி ஆணி அடித்த பிறகுமா? எல்லாப் பேஸிலும் இருக்கும் என்றால், ஒரு புது கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்கும் காசை நான் எதற்காகக் கூடுதலாகக் கொடுத்தேன்? கடையில் தொங்கும் பேஸ் என்றால் நாலு எடுத்து வாசித்துப் பார்த்து, சி நன்றாக இருப்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருப்பேன். ஆர்டர் கொடுத்துச் செய்வதில் பொறுக்க வழியில்லை, வந்தது வந்ததுதான். அதனால்தான் அவர் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இப்போது ரிப்பேர் கதை. எங்கள் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் பழைய ஃப்ரெட்டுகள் பச்சை பிடித்து, தந்தி படும் இடமெல்லாம் குழி விழுந்துவிட்டது. போதாக்குறைக்கு மண்டபத்தில் ஏர்கோன் குளிர். வெளியே எடுத்து வந்தால் உலோகம் முழுக்க ஈரம் பூத்து நிற்கும். பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடலின் குட்டி ஆணிகள் துருப்பிடித்து உள்ளங்கையைச் சுரண்டின. மாடிக்கடையில் ரிப்பேர் செய்யும் சீன அங்கிளிடம் கொடுத்து எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினேன். வீணைக்காரர்கள் மெழுகை உருக்கி 24 மெட்டையும் புதிதாகக் கட்டிக்கொள்வதுபோல எனக்கும் ஒரு மறுபிறவி என்று நினைத்தேன். சி-யும் பிழைத்துக்கொள்ளும் என்று உள்ளூர ஒரு நப்பாசை. மற்ற 23 ஃப்ரெட்டும் வெண்ணெயாக வழுக்குகின்றன. ஐந்தாவது ஃப்ரெட்டில் சி பழையபடி செத்துக் கிடக்கிறது.

அங்கிள் அதிகம் பேசமாட்டார். தச்சர்கள் மரம் பிடிக்க வைத்திருக்கும் கிளாம்ப் ஒன்றை எடுத்து, துணி வைத்து, முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் மாட்டினார். "இப்ப வாசி" என்றார். சி எழுந்து நின்றது! தலையில் எடை கூடினால் நெக் ஆடும் வேகம் குறையும், செத்த இடமும் கீழே நகரும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபார்த்து, சி-க்கும் அதற்குக் கீழே இருக்கும் பி-க்கும் நடுவில் கொண்டுபோய் அதை நிறுத்தினார். இரண்டு சுரமும் கொஞ்சம் மங்கல், ஆனால் இரண்டும் உயிரோடு. அந்த ஐந்து நிமிடம் எனக்கு இந்த பேஸ்மேல் வந்த பிரியத்தை எழுத முடியாது.

கிளாம்ப்போடு எழுந்து நின்றதும் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சாய்ந்தது. இதைத் தவிர்க்கத்தான் செய்தவர் இலேசான முறுக்காணிகளைத் தேர்ந்தெடுத்து, பேஸ் தோளில் கிடைமட்டமாக நிற்கும்படி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். அந்தச் சமநிலை அபாரம், அதைப் பாராட்டாவிட்டால் பாவம். ஆனால் தலையை இலேசாக்கிய அதே வேலைதான் செத்த இடத்தை மேலே தள்ளிச் சரியாகச் சி-யில் கொண்டுபோய் வைத்திருக்கிறது என்பது அங்கிளின் கணக்கு. சி வேண்டுமென்றால் இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும், மூன்று மணி நேர நிகழ்ச்சியில் தோள் கழன்றுவிடும். தோள் வேண்டுமென்றால் சி இல்லை. நெக்கைச் செய்யும்போதே உள்ளே இரண்டு கார்பன் கம்பி பதித்திருந்தால் விறைப்பு கூடி இந்த இழுபறிக்கே அநேகமாக வேலை இருந்திருக்காது. நெக்கை ஒட்டி முடித்த பிறகு அதையெல்லாம் யோசித்து என்ன பயன்?

மற்றபடி? மற்றபடி எல்லாமே தங்கம். எடை 3.6 கிலோதான். நெக்கின் பின்புறத்தை என் இடது கட்டைவிரலுக்கு ஏற்றபடி செதுக்கியிருக்கிறார். கீழ் பி தந்தி ஐந்து தந்திப் பேஸ்கள் பலவற்றில் தளர்ந்து குழறும், இதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளை அவரே சுற்றியிருக்கிறார், அவற்றில் இரைச்சல் துளியும் கிடையாது. நம் கல்யாண மண்டபங்களின் வயரிங்கைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மங்கலாக எரியும் டிம்மர் விளக்குக்குக் கீழே பழைய பேஸ் நிகழ்ச்சி முழுக்க ம்ம்ம் என்று முனகும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த முனகல் கீழ் ஜி-க்கு ஒட்டினாற்போல், அதுவும் கொஞ்சம் சுருதி விலகி நிற்கும். சட்ஜமே ஜி ஆகிற ஐந்து கட்டைப் பாட்டில் அதைக் கேட்டுக்கொண்டே வாசிப்பது தனி நரகம். இதில் அமைதி. கீபோர்ட் அண்ணன்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்து, "ஆன் பண்ணிட்டியா?" என்று கேட்டார்.

தம்பிக்கு நான் எழுதிய பதில் இதுதான்: வேண்டாம்டா. மீறி ஆர்டர் போட்டால் நெக்கில் கார்பன் கம்பி கேள், எழுத்தில் வாங்கு. மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன்னால் அமைதியான அறையில் ஆம்ப் இல்லாமல் உட்கார்ந்து ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசித்துக் காது வைத்துக் கேள், ஜி தந்தியில் நான்கிலிருந்து எட்டு வரை இரண்டு முறை கேள். சந்தேகம் வந்தால் ஹெட்ஸ்டாக்கைக் கதவுச் சட்டத்தில் அழுத்திக்கொண்டு வாசித்துப் பார், உடனே தெளிந்தால் குற்றவாளி நெக்தான். முகப்பு மரத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காதில் வாங்காதே. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நாலரை போட்டிருப்பேன்.

அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். அப்புறம் சனிக்கிழமை பிறையில் ஒரு ரிசப்ஷன் இருப்பதாகவும், அன்றைக்கு மட்டும் இந்த பேஸை இரவல் தர முடியுமா என்றும் கேட்டான். பழைய ஃபேக்டரி பேஸ் சும்மாதான் கிடக்கிறது, அதை வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.